கொடிகள் மறைந்தபோது

பாய்க்கப்பல் காலத்துக் கடற்போரில் தளபதியின் ஆணைகளைக் கொடிகளே தெரிவித்தன. பீரங்கிப் புகை சூழ்ந்ததும் அக்கொடிகள் கண்ணுக்குப் புலப்படா. பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன் இதனை நன்கு உணர்ந்திருந்தார். எனவே, 1805ஆம் ஆண்டு டிரபால்கர் போருக்கு முன்பே கப்பல் தலைவர்களை விருந்துக்கு அழைத்துத் தம் போர்த்திட்டத்தை விளக்கினார். அதனை எழுத்திலும் வழங்கினார். கொடிகள் தெரியாதபோது பகைக்கப்பலை நெருங்கிப் பொருதுவதே போதும் என்றார்.

அக்டோபர் 21 அன்று, போரின் நடுவே அவர் குண்டடிபட்டு வீழ்ந்தார். ஆயினும், படை தடுமாறவில்லை. அதன் 27 போர்க்கப்பல்கள், பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டுப்படையின் 33 போர்க்கப்பல்களை எதிர்த்து, ஒன்றையும் இழக்காமல் வென்றன.

ஆணையை மட்டும் அறிந்த படை, ஆணை நின்றதும் திகைத்து நிற்கும். நோக்கத்தையும் அறிந்த படை தானே இயங்கும். மனந்திறந்த உரையாடலே அப்பண்பாட்டை வளர்த்தது.