சொல்லக் கற்றுத்தந்தால் மட்டும் போதுமா?

2021 ஜூன் மாதம் கேளம்பாக்கம் சுஷில் ஹரி பள்ளியின் நிறுவனர் மீது முன்னாள் மாணவிகள் பாலியல் புகார் கூறினர். மாமல்லபுரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அவர் டெல்லியில் கைதானார். குற்றம் நடந்ததா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது புகார்கள் வந்த வழி. படித்து முடித்து வெளியேறி ஆண்டுகள் கழித்து, சமூக ஊடகம் வழியாக அவை வெளிவந்தன. பள்ளிகளில் ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ பாடம் நடத்துகிறோம். ஆனால் பிள்ளை வந்து சொல்லும்போது கேட்கிற பெரியவரைத் தயார் செய்திருக்கிறோமா? என் வாதமெல்லாம் இந்த இடத்தில்தான் நிற்கிறது: பாடம் மாணவருக்கு மட்டும் என்றால் அது பாதிப் பாடம்.

பாடத்தால் பயனில்லை என்று சொல்ல முடியாது. 2015இல் வெளியான காக்ரேன் ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, பல நாடுகளில் நடந்த 24 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. பாடம் கேட்ட குழந்தைகளுக்கு விவரம் கூடியது; நடந்ததை வெளியே சொன்னவர்களும் அவர்களிடையே அதிகம். ‘பிஞ்சு மனதில் பயத்தை விதைக்கிறீர்கள்’ என்பார்கள் பெற்றோர் சிலர். அச்சம் கூடியதற்கு அந்த ஆய்வில் சான்றில்லை. கொடுமையே குறைந்ததா என்பதற்கு மட்டும் அது உறுதி தரவில்லை. அதில் வியப்பும் இல்லை. கொடுமையைத் தடுப்பது குழந்தையின் கடமை அன்று. இன்னொன்று: மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்குமேல் சிறுவர்கள் (தமிழ்நாடு அந்த ஆய்வில் இடம்பெறவில்லை). மாணவிகளை மட்டும் தனி அறைக்கு அழைத்துப் பேசும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

‘பள்ளியின் பெயர் கெட்டுப்போகும், உள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்’ என்று நிர்வாகம் மறைத்தால் அது சட்டப்படி குற்றம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும் நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆசிரியர் துப்பறிய வேண்டாம், ஆதாரம் திரட்ட வேண்டாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது. பொய்ப் புகார் வராதா என்ற கேள்வியும் நியாயமானதே. வஞ்சத்தோடு பொய் சொல்லும் பெரியவர்களைத் தண்டிக்க 22ஆம் பிரிவு இருக்கிறது; குழந்தைக்கு மட்டும் அதில் தண்டனை கிடையாது. காவல் நிலையம் என்றதும் பெற்றோர் மிரள வேண்டியதில்லை. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெயரோ படமோ ஊடகத்தில் வரக் கூடாது.

வீட்டுக்குள் நடக்கும் அடிதடியும் குழந்தைகளின் பாதுகாப்போடு ஒட்டியது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கோவளத்திலும் திருக்கழுக்குன்றத்திலும் காலையில் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். ‘குடும்ப விஷயத்தில் பள்ளி ஏன் தலையிட வேண்டும்’ என்பவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமே பதில்: குடும்ப வன்முறை நடப்பதாக நம்பும் எவரும், ஆசிரியர் உட்பட, பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். சொத்து யார் பெயரில் இருந்தாலும் மனைவி அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. இந்த வன்முறை நாளை தொடராதபடி ஆண்பிள்ளைகளின் எண்ணத்தை வகுப்பறை மாற்றுமா? ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், ஆண்-பெண் சமத்துவம் பற்றித் தொடர்ந்து கலந்துரையாடிய மாணவர்களின் பார்வை மாறியது. ஈராண்டு கழித்தும் அந்த மாற்றம் நீடித்தது. ஆண்டுக்கு ஒருநாள் விழிப்புணர்வு முகாம் போட்டு, படம் எடுத்துக்கொண்டு போவதால் இது நடக்காது.

பள்ளியில் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி இருந்தால், அதை யார் திறக்கிறார், எப்போது திறக்கிறார் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, பள்ளிக்கல்வித் துறைக்கு 14417: இந்த எண்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், நீங்களும் குறித்துவையுங்கள்.