கொலம்பியாவை மதிப்பிட்ட கணினி மாதிரி: எண்ணை எப்போது நம்பலாம்?

2003 ஜனவரி 16ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டு ஏறத்தாழ 82ஆவது செக்கனில், வெளி எரிபொருள் தாங்கியிலிருந்து கழன்ற நுரைக் காப்புத் துண்டொன்று அதன் இடது இறக்கையில் மோதியது. பெப்ரவரி 1ஆம் திகதி, தரையிறங்கச் சில நிமிடங்கள் இருக்கையில் விண்ணோடம் வானிலேயே சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தனர்.

இடைப்பட்ட நாட்களில் பொறியியலாளர்கள் சேதத்தைக் கணிக்காமல் இருக்கவில்லை. ‘கிரேட்டர்’ என்ற மாதிரியைப் பயன்படுத்தினார்கள். வெப்பக் காப்பு ஓடுகளில் சிறு துண்டுகள் மோதினால் எவ்வளவு ஆழம் குழி விழும் என்பதைச் சோதனைத் தரவுகளிலிருந்து கணிக்கும் சமன்பாடு அது. அந்தச் சோதனைகளில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம். கொலம்பியாவில் மோதியதோ 1,920 கன அங்குலம் என அவர்களது விளக்கப் படவில்லையே குறிப்பிட்டது. 640 மடங்கு! ஆனால் அந்த வரி பக்கத்தின் அடியில் கிடந்தது.

இன்னொரு விசித்திரம்: ஓட்டின் தடிப்பையே தாண்டித் துளை விழக்கூடும் என்றுதான் கிரேட்டர் சொன்னது. ‘இது எப்போதும் கூட்டித்தான் சொல்லும்’ என்று அந்த விடையைத் தள்ளிவைத்தார்கள். சிறு துண்டுகளில் கிடைத்த அனுபவம் அது. பெரிய துண்டுக்கும் பொருந்துமா என்று எவரும் சோதித்திருக்கவில்லை. உண்மையில் உடைந்தது ஓடும் அல்ல, இறக்கையின் முன்விளிம்பிலுள்ள கரிமக் கலவைத் தகடு. ஜூலையில் சான் அன்ரோனியோவில் அத்தகைய தகடொன்றின் மீது நுரைத்துண்டைச் சுட்டபோது சுமார் 40 சென்ரிமீற்றர் அகலத் துளை விழுந்தது.

இதன் பின்னர்தான் மாதிரிகளுக்கும் உருவகப்படுத்தல்களுக்குமான பொதுத் தரநிலையை நாசா உருவாக்கி 2008இல் வெளியிட்டது. கணினி நிரல் சரியாகக் கணக்கிடுகிறதா, விடை நிஜச் சோதனையுடன் ஒத்துப்போகிறதா, உள்ளீடு எங்கிருந்து வந்தது, நிச்சயமின்மை எவ்வளவு, இயக்கியவரின் தகைமை என்ன என 8 விடயங்களுக்கு அந்த 2008 பதிப்பின்படி 0 முதல் 4 வரை புள்ளி இட வேண்டியிருந்தது.

என் பார்வையில் புள்ளிகளைவிட முக்கியமானது வேறொரு விதி. மாதிரி தன் எல்லையைத் தாண்டிப் பயன்படுத்தப்பட்டிருந்தால், முடிவெடுப்பவரிடம் விடையுடன் சேர்த்து அதையும் எச்சரிக்கையாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பக்கத்தின் அடியில் கிடந்த அந்த வரி, இனி மேலே வந்தாக வேண்டும். எத்தனை புள்ளி போதும் என்பதைத் தரநிலை சொல்வதில்லை. அதை அந்தந்தத் திட்டத்துக்குப் பொறுப்பானவர்களே தீர்மானிக்க வேண்டும்.