சராசரி உடல் என்னும் கருத்தாக்கமும் மானிட அளவியலும்

உடலின் நீளம், சுற்றளவு, எட்டும் தூரம் முதலியவற்றை வரையறுத்த முறையில் அளந்து தொகுக்கும் துறை மானிட அளவியல் எனப்படும். இருக்கை, கருவி, உடை ஆகியவற்றின் வடிவமைப்புக்கு அத்தொகுப்பே அடிப்படை. எனினும் சராசரியாளருக்குப் பொருந்துவது பெரும்பாலோர்க்கும் பொருந்தும் என்ற எண்ணம் நெடுங்காலம் ஐயத்திற்கு உள்ளாகவில்லை.

அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்த கில்பர்ட் டேனியல்ஸ் 1952இல் வெளியிட்ட அறிக்கை அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. 4,063 படையினரின் பத்து அளவுகளை அவர் எடுத்துக்கொண்டார். துல்லியமான ஓர் எண்ணை அன்றி, அதன் இருபுறமும் அமைந்த வீச்சையே சராசரி எனக் கொண்டார். இது தாராளமான வரையறைதான். அவ்வாறிருந்தும், உயரத்தில் சராசரியானோர் 1,055 பேர். அவர்களுள் மார்புச் சுற்றளவிலும் சராசரியானோர் 302 பேர். கைந்நீளத்தையும் சேர்த்தபோது எஞ்சியோர் 143 பேர். பத்தாம் அளவை எட்டியபோது ஒருவரும் எஞ்சவில்லை. உடலளவுகள் ஒன்றோடொன்று தளர்வாகவே தொடர்புடையன என்பதே இதற்குக் காரணம்; நெடியவர் அனைவரும் அகன்ற மார்பினர் அல்லர்.

ஆதலின் ஒற்றை அளவை விடுத்து, 5ஆம் நூற்றுமானம் முதல் 95ஆம் நூற்றுமானம் வரையிலான வீச்சுக்கு வடிவமைக்கும் முறை வழக்கில் நிலைபெற்றது. அதாவது, நூறு பேரை அளவு வரிசையில் நிறுத்தினால் ஏறத்தாழ ஐந்தாமவர் முதல் தொண்ணூற்றைந்தாமவர் வரை. கைக்கு எட்டவேண்டிய விசைக்குச் சிறியவரின் அளவும், தலைக்கு மேலுள்ள இடைவெளிக்குப் பெரியவரின் அளவும் கொள்ளப்படும். இருக்கை முன்பின் நகரும்.

வரிசையில் நிற்போர் யாவர் என்பது வேறொரு வினா. டேனியல்ஸ் பயன்படுத்திய அளவுகள் ஆடவருடையவை. ஆடவரின் 5ஆம் நூற்றுமானத்தை எல்லையாகக் கொண்ட விமானி அறையில், உயரம் குறைந்த பெண்டிர் பலருக்கு இடமில்லை.