நின்ற இடத்திலேயே சாய்ந்த பெட்டிகள்

சரக்கு ரயில் யார்டில் நிற்கிறது. எஞ்சின் இழுக்கவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டைகள் உளுத்துக் கிடக்கின்றன. பாரம் தாங்காமல் தண்டவாளம் விலகுகிறது. சக்கரம் இறங்கி, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது. 1970-களில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், பென் சென்ட்ரல் ரயில்வேயின் பாதைகளில் இப்படி மறுபடி மறுபடி நடந்தது. நிலவுக்கு மனிதனை அனுப்பிய நாட்டில், அதே காலத்தில், ரயில்கள் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன.

பென்சில்வேனியா ரயில்ரோடு, நியூயார்க் சென்ட்ரல் ஆகிய இரண்டும் பரம்பரைப் போட்டியாளர்கள். 1968 பிப்ரவரி 1 அன்று இரண்டும் இணைந்து பென் சென்ட்ரல் ஆயின. இரண்டரை ஆண்டுகளுக்குள், 1970 ஜூன் 21 அன்று, அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அமெரிக்கா அதுவரை கண்டிராத பெரிய திவால் அது.

காரணங்கள் பல. 1956-ல் தொடங்கிய தேசிய நெடுஞ்சாலைத் திட்டம் சரக்கை லாரிகளுக்கு மாற்றியது. வடகிழக்கின் பழைய ஆலைகள் மூடப்பட்டு வந்தன. பயணிகள் ரயில்கள் நட்டத்தில் ஓடின. ஆனாலும் நினைத்தபோது அவற்றை நிறுத்த முடியவில்லை. சரக்குக் கட்டணத்தை மாற்றவும் மத்திய ஆணையத்தின் அனுமதி வேண்டியிருந்தது. இவ்வளவு நெருக்கடியிலும் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை போனது. நிலவணிகத்திலும் பொழுதுபோக்குப் பூங்காக்களிலும் முதலீடு நடந்தது. பாதைப் பராமரிப்புதான் பட்டினி கிடந்தது.

நிர்வாகங்கள் ஏன் முதலில் பராமரிப்பில் கைவைக்கின்றன? சம்பளத்தை நிறுத்தினால் மறுநாளே வேலை நிற்கும். டீசல் வாங்காவிட்டால் வண்டி நகராது. இந்த ஆண்டு மாற்ற வேண்டிய கட்டையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் உடனே எதுவும் ஆகாது. அந்தச் செலவு கணக்கில் வராததால் லாபம் கூடியதுபோலத் தெரியும். பத்து ஆண்டுகள் இப்படியே தள்ளினால், தண்டவாளம் நிற்கும் தரையே போய்விடும்.

பாதை எப்படிச் சாகிறது?

முதலில் கெடுவது வடிகால். ஜல்லிக்குள் மண் ஏறி அடைத்துக்கொள்ளும், மழைநீர் இறங்காது. ஒவ்வொரு சக்கரம் ஏறி இறங்கும்போதும் சேறு பீய்ச்சியடிக்கும். ஈரத்தில் ஊறிய மரக்கட்டை உளுக்கும். அதில் அடித்த ஆணி பிடிப்பை இழக்கும். ஆணி தளர்ந்தால் தண்டவாளங்கள் ஒன்றைவிட்டு ஒன்று அகலும். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய 1,435 மில்லிமீட்டர் இடைவெளி கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் சக்கரம் உள்ளே விழும்.

இன்னொரு ஆபத்து, மெதுவாகப் போகும் வண்டிக்கே வருவது. அக்காலத்து அமெரிக்கத் தண்டவாளம் பெரும்பாலும் 39 அடி நீளத் துண்டுகளை ஃபிஷ் பிளேட் எனும் இணைப்புத் தகடு வைத்து இணைத்ததாக இருந்தது. இடப்பக்க இணைப்பும் வலப்பக்க இணைப்பும் நேரெதிரே இல்லாமல் மாறி மாறி வரும். இணைப்புகள் தாழ்ந்துபோன பாதையில் பெட்டி ஒரு முறை இடப்பக்கம் சாயும், அடுத்து வலப்பக்கம் சாயும். தானியம் ஏற்றும் உயரமான நூறு டன் பெட்டிகளுக்கு மணிக்கு 20 முதல் 35 கிலோமீட்டர் வரையிலான வேகம்தான் பொல்லாதது. இணைப்புகளின் தாளமும் பெட்டியின் ஆட்டமும் ஒன்றுசேர்ந்து, சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடும். வண்டியை 16 கிலோமீட்டருக்குக் கீழே ஊர்ந்துபோகச் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகத்தைக் குறைத்தால் போதுமா?

1971-ல் அமெரிக்க அரசு பாதைகளுக்குப் பாதுகாப்புத் தரங்களை வகுத்தது. பாதையின் நிலைக்கு ஏற்ப வகுப்பு. வகுப்புக்கு ஏற்ப வேகம். முதல் வகுப்பில் சரக்கு ரயிலுக்கு மணிக்கு 16 கிலோமீட்டர், நான்காம் வகுப்பில் 96. நல்ல பாதையில் 39 அடிக்குச் சுமார் 24 கட்டைகள் இருக்கும். முதல் வகுப்பின் நேர்பாதையில் அவற்றில் 5 கட்டைகள் நல்ல நிலையில் இருந்தால் போதும் என்கிறது விதி.

உயிரைக் காக்க இந்த விதி தேவை. ஆனால் அது ஒரு வழியையும் திறந்துவிட்டது. பாதை கெட்டால் செப்பனிட வேண்டியதில்லை. வகுப்பைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கலாம்.

அதன் விலை வேறு இடத்தில் ஏறியது. ஊழியர்களிடம் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ஊர்ந்து போகும் ரயில் அதற்குள் ஊர் சேராது. நடுவழியில் ஆள் மாற்ற வேண்டும். பெட்டிகள் திரும்பி வர நாள்கள் ஆகும். அதே சரக்குக்குக் கூடுதல் பெட்டிகளும் எஞ்சின்களும் தேவைப்படும். காத்திருந்து அலுத்த ஆலை முதலாளி லாரியை அழைப்பார். வருமானம் குறையும், பராமரிப்பு இன்னும் குறையும், வேகம் இன்னும் குறையும். பராமரிப்பில் மிச்சம் பிடித்த பணம் வட்டிக்கு வாங்கிய கடன்தான். அந்த வட்டியைத்தான் ஒவ்வொரு ரயிலும் தாமதத்தின் வடிவில் கட்டிக்கொண்டிருந்தது.

பயணிகளும் தப்பவில்லை. சிகாகோவிலிருந்து ஃப்ளோரிடா சென்ற, தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ரயில் இந்தியானா மாநிலத்தில் பென் சென்ட்ரலின் பாதைகளில் ஊர்ந்தது. வேறு வழியில் திருப்பிவிடவும் நேர்ந்தது. 1979-ல் அந்த ரயிலே நிறுத்தப்பட்டது.

மத்திய மேற்கில் ராக் ஐலண்ட் ரயில்வேயின் கதை இன்னும் வேதனையானது. யூனியன் பசிஃபிக்குடன் இணைய 1964-ல் விண்ணப்பித்தது. அதே மத்திய ஆணையம் முடிவு சொல்லப் பத்து ஆண்டுகள் ஆயின. எப்படியும் கைமாறப்போகும் பாதைதானே என்று பராமரிப்புச் செலவைத் தள்ளிப்போட்டார்கள். நிபந்தனைகளோடு அனுமதி வந்தபோது பாதை சீரழிந்திருந்தது. யூனியன் பசிஃபிக் ஒதுங்கிக்கொண்டது. 1975 மார்ச்சில் ராக் ஐலண்ட் திவாலானது. 1980 மார்ச் 31 அன்று மொத்தமாக மூடப்பட்டது.

மீண்டது எப்படி?

வடகிழக்கில் அரசு இறங்கியது. பென் சென்ட்ரலையும் திவாலான வேறு சில நிறுவனங்களையும் சேர்த்து 1976 ஏப்ரல் 1 முதல் கான்ரெயில் ஓடத் தொடங்கியது. கட்டைகளும் தண்டவாளங்களும் மாற்றப்பட்டன, ஜல்லி கொட்டப்பட்டது. பல கிளைப்பாதைகள் கைவிடப்பட்டன. ஏராளமானோர் வேலை இழந்தார்கள். 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 1981-ல் கான்ரெயில் லாபம் கண்டது. 1987-ல் அரசு தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு 165 கோடி டாலருக்கு விற்றது. ஆனால் அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த மக்களின் வரிப்பணம் சுமார் 700 கோடி டாலர் செலவாகியிருந்தது.

தள்ளிப்போட்ட செலவு மறைந்துவிடவில்லை. அதைத் தள்ளிப்போட்ட நிர்வாகிகள் போய்விட்டார்கள். பில்லைக் கட்டியவர்கள் வரி செலுத்தியவர்களும் வேலை இழந்தவர்களும்.

பழுதான இடத்தில் வேகத்தைக் குறைப்பது சரியான முதலுதவி. அதுவே சிகிச்சை ஆகிவிடக் கூடாது. எந்த நாட்டு ரயில்வேயும் வேகக் கட்டுப்பாட்டை விதிக்கும்போதே, அதை நீக்கும் தேதியையும் அதற்கான பணத்தையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். புதிய ரயிலுக்குக் கொடியசைக்கும் விழாவில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: பழைய பாதையில் எத்தனை இடங்களில், எத்தனை ஆண்டுகளாக, வண்டிகள் ஊர்ந்து போகின்றன?