தாயின் கையும் வெப்பமானியும்

சகோதரிகளே! குழந்தைக்குக் காய்ச்சலா என்றறிய நெற்றியில் கை வைக்கிறீர்கள். சற்றுமுன் குளிர்ந்த நீரில் ஒளூச் செய்த கையாயின் இலேசான சூடும் கொதிப்பாகத் தோன்றும். அடுப்படியிலிருந்து வந்த கையாயின் உண்மைக் காய்ச்சலும் புலப்படாது போகலாம். கை உணர்வது தனக்கும் நெற்றிக்குமுள்ள வேறுபாட்டையே.

வெப்பமானியோ உடலின் சூட்டைத் தானும் அடைந்த பின்னரே அளவு காட்டுகிறது. பழைய கண்ணாடிக் கருவியில் பாதரசம் விரிந்து நுண்குழாயில் ஏறும். குமிழுக்கு மேலுள்ள குறுகிய இடுக்கு அதனை இறங்கவிடாது. ஆகவேதான் உதறிய பின் வைக்கிறோம். (உடைந்துவிட்டால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பாதரச ஆவி நஞ்சு.) இன்று மின்னணுக் கருவியே நலம்.

மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு அது 100.4 பாகை பாரன்ஹீட் காட்டினால், விடியட்டும் என்றிராமல் அப்பொழுதே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.