பழைய 'பறக்கும்' காருக்கு பிரேக் பலமா இருக்கா? கையைக் கடிக்காமல் சரிசெய்ய வழி இதோ!

சென்னை:
வேகத்துக்குப் பேர் போன பழைய கார்களை செகண்ட் ஹேண்டில் வாங்கி, மெருகேற்றி ஓட்டும் ஆசை இன்னும் குறையவில்லை. என்ஜினுக்கும், அலாய் வீலுக்கும், சவுண்ட் சிஸ்டத்துக்கும் காசை வாரி இறைப்பவர்கள், பிரேக் விஷயத்தில் மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போடுகிறார்கள்.

அந்த 'அப்புறம்' வருவதற்குள் ரோட்டில் மாடு குறுக்கே வந்துவிடும். வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைவிட, எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதுதான் உயிர் சமாச்சாரம்.

நம்ம ஊர் ரோடுகளில் இந்த ரக கார்களுக்குப் பஞ்சமில்லை. மறைமலைநகர் தொழிற்சாலையில் தயாராகி 1999-ல் வந்த போர்டு ஐகான், திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லேன்சர், 106 குதிரை சக்தி கொண்ட பழைய ஹோண்டா சிட்டி விடெக், 100 குதிரை சக்தி கொண்ட பியட் பாலியோ 1.6 என்று வரிசையாகச் சொல்லலாம்.

இந்த கார்களில் பொதுவாக முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்தான். பல வண்டிகளில் ஏ.பி.எஸ். கிடையாது. 20 வயதைத் தாண்டியும் என்ஜின் சீறுகிறது. ஆனால் பிரேக்கில் இருக்கும் ரப்பரும், சீலும், ஆயிலும் கிழடு தட்டிப் போயிருக்கும். ஆபத்தே இங்கேதான் இருக்கிறது.

'பெரிய டிஸ்க் வாங்கி மாட்டிட்டா போதும்ணே' என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், கம்பெனி கொடுத்த பிரேக்கை முழுசாகப் புதுப்பித்து, ஆயிலையும் பேடையும் ஒரு படி உயர்த்தினாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். செலவும் பெரிய டிஸ்க் போடுவதில் ஒரு பங்குதான் வரும்.

சூடுதான் எதிரி

பிரேக் என்ன செய்கிறது? வண்டியின் வேகத்தை உரசி உரசி சூடாக மாற்றுகிறது. அவ்வளவுதான்.

ஆட்களோடு சேர்த்து 1,150 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இருந்து ஒரே ஒரு முறை நிறுத்தினால், ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு சூடு பிறக்கிறது. அத்தனையும் சில விநாடிகளில் டிஸ்க்கிலும் டிரம்மிலும் போய் இறங்குகிறது.

வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 50 கி.மீ. வேகத்தில் ஜோராகப் பிடிக்கும் பிரேக், 100 கி.மீ. வேகத்தில் திணறுவது இதனால்தான்.

அதனால் காசு செலவழிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். முதல் தடவை மிதிக்கும்போதே வண்டி சரியாக நிற்கவில்லையா? அல்லது நாலைந்து தடவை அழுத்தி மிதித்த பிறகுதான் பிடி தளர்கிறதா?

முதல் ரகம் என்றால் டயர், ஒட்டிக்கொண்ட காலிப்பர், தேய்ந்த பேட் ஆகியவற்றில் கோளாறு. இரண்டாவது ரகம் என்றால் சூடு தாங்கவில்லை. பேடும் பிரேக் ஆயிலும் மாற வேண்டும்.

முதல் செலவு டயருக்கு

பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் பெடலை ஓங்கி மிதித்ததும் சக்கரம் லாக் ஆகி 'கிறீச்' என்று இழுத்துக்கொண்டு போகிறது என்றால், டயர் தாங்குவதைவிட பிரேக் ஏற்கனவே பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டிக்கு இன்னும் பெரிய டிஸ்க் போட்டு என்ன பயன்?

முன் சக்கரம் லாக் ஆனால் ஸ்டியரிங்கும் பேச்சு கேட்காது. எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்று இருந்தால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும், வயசான டயரின் ரப்பர் இறுகிப் போய் பிடிமானம் குறைந்துவிடும். பழைய வண்டி வாங்கியவர்கள் இந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும்.

ஆயில் தண்ணீர் குடிக்கும்!

பிரேக்கில் ரொம்ப மலிவான வேலை, ஆனால் அதிகப் பலன் தரும் வேலை எது என்றால் பிரேக் ஆயில் மாற்றுவதுதான். ஒரு டேங்க் பெட்ரோல் போடும் காசில் பாதி கூட ஆகாது.

இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேரச் சேர, அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும்.

டாட்-3 ரக ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியே அதற்கு உத்தரவாதம். டாட்-4 என்றால் புதுசுக்கு 230, ஈரம் ஏறியபின் 155. டாட்-5.1 என்றால் 260, 180.

ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். மிதிக்கும்போது குமிழ்தான் நசுங்குமே தவிர, அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் தரையைத் தொடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். மலை ரோட்டில் 'பிரேக் பெயிலியர்' ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டாட்-3 ஆயிலுக்குத் தயாரான வண்டியில் டாட்-4 தாராளமாக ஊற்றலாம். ஆனால் டாட்-5 என்பது சிலிக்கான் ரகம். பெயர் ஒன்று போல இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடக் கூடாது, மற்றதோடு கலக்கவும் கூடாது.

மேலே டப்பாவில் கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது. நான்கு சக்கரங்களிலும் பழைய ஆயில் முழுசாக வெளியேறி, புது ஆயில் வரும்வரை விட்டு, ஏர் எடுக்க வேண்டும். சீல் உடைத்து நாள்பட்ட டின்னைத் தொடவே வேண்டாம். 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. ஆயில் பெயிண்டில் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ரேஸ் பேட் வேண்டாம்

அடுத்த செலவு முன் சக்கர பிரேக் பேட். மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், பெரும்பகுதி வேலையைச் செய்வது முன் பிரேக்தான். எனவே கையில் இருக்கும் காசை முன்பக்கம் போடுவதே புத்திசாலித்தனம்.

சூடு தாங்கும் நல்ல ரக ரோடு பேட் போதும். 'ரேஸ் பேட்' என்று விற்பதை வாங்கினால் வம்பு. அது சூடேறிய பிறகுதான் பிடிக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாலு ரவுண்டு அடித்தபின் அது கில்லி. காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் மிதிக்கும்போது அது கைவிட்டுவிடும்.

புது பேட் மாட்டியதும் பழக்கிவிட வேண்டும். காலியான ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் இருந்து 10 கி.மீ. வரை மிதமாக மிதித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். முழுசாக நிறுத்தாமல் இப்படி பத்து தடவை செய்துவிட்டு, பிரேக் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும்.

பழைய பேட், லைனர் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. சில பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு அது எமன். ஈரத் துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

டிஸ்க்கில் ஓட்டை அவசியமா?

எந்த டிஸ்க்குக்கும் குறைந்தபட்ச தடிமன் என்று ஓர் அளவு உண்டு. பல டிஸ்க்குகளில் அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த அளவுக்குக் கீழே போனதை லேத்தில் கடைந்து மறுபடி மாட்டுவது காசு மிச்சம் அல்ல, வம்பை விலைக்கு வாங்குவது. மெலிந்த டிஸ்க் சூட்டை உள்வாங்காது, விரிசலும் விடும்.

மாற்றும்போது இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பேட் மாற்றுவதற்கும் இதே கதைதான்.

ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க ஸ்டைல். ஆனால் தரமில்லாத டிஸ்க்கில் விரிசல் ஆரம்பிக்கும் இடமே அந்த ஓட்டைதான். ரோட்டில் ஓடும் வண்டிக்கு நல்ல தரமான சாதா டிஸ்க் போதும்.

கண்ணுக்குத் தெரியாத வில்லன்கள்

20 வருஷம் ஓடிய ரப்பர் ஹோஸ், மிதிக்கும்போது பலூன் மாதிரி லேசாக உப்பும். பெடல் மெத்து மெத்தென்று இருக்கும். சில சமயம் உள்ளே சதை கழன்று அடைத்துக்கொண்டு, பிரேக்கை விட்டபிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும். நல்ல ரப்பர் ஹோஸ் புதுசு மாட்டினாலே பெடல் கெட்டிப்படும். வசதி இருந்தால் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் போடலாம்.

காலிப்பர் நகர்வதற்கு இரண்டு பின் உண்டு. அது துரு ஏறி ஒட்டிக்கொண்டால் ஒரு பக்க பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கழற்றி, சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் போட வேண்டும். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் சீல் உப்பிவிடும்.

பின்பக்க டிரம்மை யாரும் கண்டுகொள்வதில்லை. ஷூ தேய்ந்து அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்கும். வீல் சிலிண்டர் கசிந்தால் லைனரில் ஆயில் பட்டு பிடிக்காது. முன்பக்கம் புதுசு போட்டும் 'பெடல் கீழேயே போகுது' என்று புலம்புபவர்கள் பின்னால் பார்க்க வேண்டும்.

பெரிய டிஸ்க் மாட்டலாமா?

இவ்வளவும் செய்தபிறகும் சூடு தாங்கவில்லை என்றால்தான் பெரிய டிஸ்க்கைப் பற்றி யோசிக்க வேண்டும். அதே மாடலின் உயர்ரக வேரியண்ட்டில் இருந்து டிஸ்க், காலிப்பர், பிராக்கெட் எல்லாம் ஒரு செட்டாக எடுத்து மாட்டுவதே மலிவான வழி. புதுப்பேட்டையில் பழைய காலிப்பர் கிடைக்கும். ஆனால் சீல், பேட், ஹோஸ் மூன்றும் புதுசாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் மூன்று சிக்கல். ஒன்று, சின்ன வீலுக்குள் பெரிய காலிப்பர் நுழையாது. இரண்டு, காலிப்பரின் பிஸ்டன் பெரிதானால் ஆயில் அதிகம் தேவை, பழைய மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்தால் பெடல் ஆழமாகப் போகும். மூன்று, முன்-பின் கணக்கு கெட்டுப் போகும்.

முன்பக்கம் மட்டும் அளவுக்கு மீறினால், அது சீக்கிரம் லாக் ஆகி நிற்கும் தூரம் கூடிவிடும். பின்பக்கம் மீறினால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். 'பின்னாலயும் டிஸ்க் போட்டுடலாம்' என்று அவசரப்படுபவர்கள் உஷாராக இருக்க வேண்டும். வெல்டிங் வைத்து பிராக்கெட் செய்கிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும் கூட விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் கேள்வி வரும். தேய்ந்த பேட், டிஸ்க், ஹோஸை அதே அளவில் நல்லதாக மாற்றுவதற்கு இந்தத் தலைவலி இல்லை.

மலை ஏறும் முன்...

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70. இறங்கும்போது நியூட்ரலில் விடுவதும், என்ஜினை ஆப் செய்வதும் தற்கொலைக்குச் சமம். என்ஜின் ஓடாவிட்டால் பிரேக் பூஸ்டர் ஓரிரு மிதியோடு நின்றுவிடும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். ஏறும்போது என்ன கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய டிரைவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பாது.

பூஸ்டரை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். என்ஜின் ஆப் செய்த நிலையில் நாலைந்து தடவை பெடலை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் நல்லா இருக்கு.

மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல தரைக்குப் போனால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கலாம், எங்கேயாவது கசிவும் இருக்கலாம். அந்த வண்டியை மெக்கானிக் ஷெட்டுக்குக் கூட ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்தும் போகாதீர்கள். தூக்கி ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

பிரேக் வேலை முடிந்ததும் நேரே ஈ.சி.ஆர். ரோட்டுக்குப் பறக்க வேண்டாம். நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பாருங்கள். பிறகு காலி இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். அதற்கப்புறம் 40. சக்கரங்களைச் சுற்றி ஆயில் கசிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்கு வரவேண்டும்.

மொத்தத்தில் வரிசை இதுதான்: டயர், பிரேக் ஆயில், முன் பேட், தேய்ந்திருந்தால் டிஸ்க், ஹோஸ், காலிப்பர் சர்வீஸ், பின் டிரம். பெரிய டிஸ்க் இந்த வரிசையில் கடைசி. ஒரே மாதத்தில் எல்லாம் முடியாவிட்டால் பரவாயில்லை, சம்பளத்துக்குச் சம்பளம் ஒவ்வொன்றாகச் செய்யலாம். அதுவரை ஆக்சிலேட்டரில் கொஞ்சம் காலைத் தளர்த்தி ஓட்டினால் போதும். அதற்கு பைசா செலவில்லை!