கூட்டத்தில் பேசியது ஆபிஸ் வரை போனால்

எல்ல, தெமோதர, நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் மாதர் சங்கம் கூடினால், வெளியே சொல்ல முடியாததெல்லாம் அங்கேதான் வரும். ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழித்தார்கள், யாருக்கு அரை நாள் கணக்காக அரைப் பேர் போட்டார்கள், கங்காணி என்ன வார்த்தை சொன்னார், சந்தா பிடிக்கும் தொழிற்சங்கத்துத் தலைவர் ஏன் இந்தப் பக்கமே வருவதில்லை. மறுநாள் காலைப் பிரட்டுக்கு ஆள் கூடுமுன்பே அந்தப் பேச்சு குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் சுற்றினால் என்ன ஆகும்? யாரும் கடிதம் கொடுத்துத் தண்டிப்பதில்லை. பேசியவளுக்குக் கொழுந்தில்லாத நிரை கிடைக்கும், கழிவு கூடும். அடுத்த கூட்டத்தில் அவள் வாய் திறக்கமாட்டாள்.

இது சின்ன நஷ்டம் இல்லை. வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றமாக இருந்த காலத்தில், தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போய்த் தொழிலாளரின் குறைகளைக் கேட்டார். 1940இல் பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள்; அதோடு கலந்து பேசி நடக்கத் துரையே ஒப்புக்கொண்டார். பயமில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள இடமில்லாத சனம் அந்த நிலைக்கு வந்திருக்காது.

சட்டம் எவ்வளவு தூரம் காக்கும்? பேச்சுரிமை, கூடும் உரிமை, தொழிற்சங்கத்தில் சேரும் உரிமை மூன்றும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கின்றன. அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை கிடையாது. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த, வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் தரவைத் தொடாது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அந்தரங்கத் தகவலை, குரலோ படமோ எதுவானாலும், இணையத்தில் பரப்புவது 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் அந்த நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று பலர் எதிர்த்த சட்டமும் அதுதான். அதை மட்டும் நம்பியிருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

மதம், இனம் பற்றிய பேச்சென்றால் ஆபத்து இன்னும் பெரிது. மேடையில் பேசிய நகைச்சுவையின் காணொளி பரவியதால் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய 2023 மே மாதம் கைதானார். ஜூலையில்தான் மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. அரங்கில் இருந்தவர்களுக்குப் புரிந்த தொனி, வெட்டி எடுத்த துண்டில் இருக்காது.

ஆகவே காவல் கூட்டத்திலேயே தொடங்க வேண்டும். லண்டன் சதாம் ஹவுஸ் நிறுவனத்தில் 1927 முதல் ஒரு வழக்கம் உண்டு: கூட்டத்தில் கேட்ட விஷயத்தை வெளியே பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று காட்டக்கூடாது. லயத்துக்கும் இது பொருந்தும். “நிறுவையில் கழிவு அதிகம் என்று பெண்கள் சொல்கிறார்கள்” என்று தொழில் அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம். யார் சொன்னது என்ற பேச்சே வேண்டாம். கூட்டம் தொடங்கும்போதே தலைவி இதைச் சொல்லி, போன்களை ஒரு கூடையில் போடச் சொன்னால் யாரும் கோபிக்கத் தேவையில்லை. அறிக்கைப் புத்தகத்தில் முடிவுகளை மட்டும் எழுதினால் போதும். யார் என்ன பேசினார் என்பது அதில் வேண்டாம். காம்பராச் சுவருக்கு அந்தப் பக்கமும் காது இருக்கிறது என்பதால் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றை மட்டும் இந்த இரகசியம் மூடக்கூடாது. பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாகப் பேச்சு வந்தால் 1929க்கும், பெண்ணுக்கு என்றால் அவளிடம் கேட்டு 1938க்கும் அழையுங்கள்.

பதிவு வெளியே போய்விட்டதா? வந்த செய்தியை அழிக்காமல் எண், திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இணைய முறைப்பாட்டுக்கு 101. தொழிற்சங்க வேலை செய்தார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதை 1999இல் திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டம் தடுக்கிறது. நீக்கிவிட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொலிஸோ வேறு அரச அலுவலரோ உரிமையை மீறினால் பதுளையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 1996க்கும் அழைக்கலாம். உயர் நீதிமன்றம் போவதற்குக் கெடு ஒரு மாதம்தான் என்பதால் முறைப்பாட்டையும் அதற்குள் கொடுத்துவிடுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்க உரிமை உண்டு. கொடுத்த கையோடு பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.